ஜோனலுக்குப் பத்து வாரம் முன்னால்: மலைப்பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி

மலையில் பிறந்த பிள்ளைக்கு ஓடச் சொல்லித்தர வேண்டுமா என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். கேட்க நன்றாக இருப்பதால் நாமும் மறுப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டு நெடுந்தூர ஓட்டத்தில் பெயர் வாங்கியவர்கள் எந்த ஊர் என்று பாருங்கள். 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய சூர்யாவும், 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளத்தில் 5,000 மீட்டர் தங்கம் வாங்கிய லட்சுமணனும் புதுக்கோட்டைக்காரர்கள். அங்கே உயரமும் இல்லை, குளிரும் இல்லை.

நான் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். என்னிடம் வருகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கே ஏறி இறங்கி நடந்து வருகிறவர்கள். நடையில் அவர்களை அடிக்க முடியாது. ஓடச் சொன்னால் வேறு கதை. ஏற்றத்தில் வீம்புக்கு ஓடி மூச்சு முட்டி நிற்பார்கள், இறக்கத்தில் கால் போன போக்கில் தடதடவென்று இறங்குவார்கள். மறுநாள் பாதிப் பேர் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குவார்கள். மலை பயிற்சி கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். புதுப் பிள்ளைகளுக்கு முதல் பத்து வாரத்தில் செய்ய வேண்டியது, வேகத்தை மலையின் கையிலிருந்து வாங்கி அவர்கள் கையில் கொடுப்பது. இதுவரை 800, 1500, 3000 மீட்டர் ஓட்டம் என்று எதற்கும் பெயர் கொடுக்காத பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது

ஜோனல், அதாவது பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதும் முதல் கட்டப் போட்டி, பெரும்பாலும் ஜூலையிலோ ஆகஸ்டிலோ வரும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு தொடங்கினால் நான்கைந்து வாரம்தான் கையில் இருக்கும், அதற்குள் எலும்பும் தசைநாரும் பழகாது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும். மூன்று வாரத்திலேயே பையன் "எனக்கு ஒண்ணுமே ஆகல டீச்சர்" என்பான். கால் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சுக்கும் காலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் முக்கால்வாசி காயங்கள் வருகின்றன. அதனால் தேர்வு முடிந்த கையோடு, மே முதல் வாரத்திலாவது தொடங்கிவிட வேண்டும்.

மே மாதத்தில் பிள்ளைகளைப் பிடித்து வைப்பது சுலபமில்லை. ஒருத்தி மேட்டுப்பாளையத்துப் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவாள். நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி வந்தால் இரண்டு நாள் யாருமே வர மாட்டார்கள். போகட்டும். வாரத்தில் நான்கு நாள் வந்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதுப் பிள்ளைக்கு நான்கு நாளுக்கு மேல் தேவையும் இல்லை.

மழைக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். கோத்தகிரிக்குத் தொட்டபெட்டா மலை மறைப்பு இருப்பதால் தென்மேற்குப் பருவமழை சாரலும் மூடுபனியுமாகப் போய்விடும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் அப்படியில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது நினைவிருக்கும். அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் மைதான வேலையை ஜூன் முதல் பாதிக்குள் முடித்துக்கொண்டு, அப்புறம் பள்ளி வராந்தாவிலும் வகுப்பறையிலும் செய்யக்கூடிய வலுப்பயிற்சிக்கு மாறுவதுதான் வழி. மே மாதத்தில் எல்லா ஊரிலும் பிற்பகலில் இடி மின்னலோடு மழை வரும், ஆகவே காலைதான் நல்லது.

காலை என்றால் எத்தனை மணி? ஐந்து மணிக்கு எழுப்பி ஓடவிட்டால்தான் பயிற்சி என்று சமவெளியில் ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே அது வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் தேயிலைக் காட்டில் கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஏழு மணிக்கு மேல் கூடுங்கள். தனியாக யாரையும் அனுப்பக் கூடாது. காதில் இயர்போன் கூடாது. பேசிக்கொண்டே ஓடினால் மிருகத்துக்கும் நாம் வருவது தெரியும். காட்டெருமை பாதையில் நின்றால் கைதட்டி விரட்டுவது, போட்டோ எடுப்பது எதுவும் வேண்டாம். திரும்பி மெதுவாக நடந்து வந்துவிடுங்கள், அன்றைய ஓட்டம் மைதானத்தில் முடியட்டும். மூடுபனியில் பத்தடி தெரியவில்லை என்றால் பாதைக்கே போகாதீர்கள். சுற்றுலா சீசனில் கொண்டை ஊசி வளைவுச் சாலைகளில் ஓடவே விடாதீர்கள். மலைச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் வளைவில் எந்தப் பக்கம் வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

பெற்றோரிடம் கேட்க வேண்டியவை

ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறானா, நெஞ்சு வலித்திருக்கிறதா, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று மூன்று கேள்வி. ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் முதலில் டாக்டர், பிறகுதான் மைதானம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குளிர்காற்றில் ஓடினால் இழுப்பு வரலாம். அந்தப் பிள்ளையை ஓட வராதே என்று சொல்ல வேண்டியதில்லை, இன்ஹேலர் பையில் இருந்தால் போதும்.

நீலகிரியில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது நமக்குத் தெரியும், பலருக்குப் பரிசோதனையும் நடந்திருக்கிறது. நோய் உள்ள பிள்ளை டாக்டர் சொல்லாமல் ஓடவே கூடாது. மரபணு ஒன்று மட்டும் இருக்கிற, வெளியே எந்தத் தொந்தரவும் தெரியாத பிள்ளை ஓடலாம். ஆனால் திடீர்க் கடும் ஓட்டம், தண்ணீர் குடிக்காமல் ஓடுவது, உயரம் மூன்றும் சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. மெல்ல மெல்லக் கூட்டி, நடுநடுவே நன்றாக ஓய்வு கொடுத்து, கால் கனக்கிறது என்று சொன்ன உடனே நிறுத்த வேண்டும். இதை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மற்றபடி பெற்றோர் சொல்லும் தடைகள் நியாயமானவை. இலை பறிக்கப் போகிற ஒரு அக்கா என்னிடம், "காலையில இவள அனுப்பிட்டா தண்ணி யாரு டீச்சர் புடிக்கறது?" என்றார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் மைதானம், இரண்டு நாள் வீட்டிலேயே படிக்கட்டுப் பயிற்சி என்று பிரித்துக் கொடுத்தேன். குறை ஒன்றும் வந்துவிடவில்லை. அட்டவணையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் பிள்ளைதான் போய்விடும்.

முதல் மூன்று வாரம்: மெதுவாக ஓடக் கற்பது

சமதரை தேடுவதுதான் முதல் வேலை. எங்கள் மைதானம் ஒரு சுற்று 200 மீட்டர் கூட முழுதாக வராது. நீளமான டேப் கிடைக்கவில்லை என்றால் அளந்த கயிறு போதும், சுற்றை ஒரு தடவை சரியாக அளந்து சுண்ணாம்பில் குறி வையுங்கள். சின்ன மைதானத்தில் ஒரு தொல்லை உண்டு. வளைவு குறுகலாக இருப்பதால், எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றினால் ஒரே காலில் சுமை ஏறும். ஒரு நாள் இடம், ஒரு நாள் வலம் என்று மாற்றி ஓடவிடுங்கள். பிள்ளைகள் போரடிக்கிறது என்பார்கள், அது உண்மைதான்.

மைதானத்துக்கு மாற்று, எஸ்டேட்டுக்குள் சரிவை ஒட்டிப் போகும் லாரிப் பாதை. இலை எடை போடும் ஷெட்டை இணைக்கும் பாதைகள் அதிக ஏற்ற இறக்கம் இல்லாமல் மலையைச் சுற்றிக்கொண்டு போகும். மண் தரை, காலுக்கும் நல்லது. எஸ்டேட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், மருந்து அடித்த நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முதல் வாரம் 20 நிமிடம்தான். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, அதையே ஐந்து தடவை. இரண்டாம் வாரம் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மூன்றாம் வாரக் கடைசியில் 20 நிமிடம் நிற்காமல் ஓடினால் போதும். எத்தனை கிலோமீட்டர் என்று எண்ண வேண்டாம். கிலோமீட்டர் சொன்னால் உடனே போட்டி வந்துவிடும், நிமிடம் சொன்னால் வராது.

வேகம் சரியா என்று பார்க்க ஹார்ட் ரேட் வாட்ச் எல்லாம் தேவையில்லை. பக்கத்தில் ஓடிக்கொண்டே ஒரு குறள் சொல்லச் சொல்கிறேன். முதல் அடி நான்கு சீரும் ஒரே மூச்சில் வர வேண்டும், ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு அடுத்த மூன்று சீரும் வர வேண்டும். "கற்க கசடற" என்றதும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். முழுக் குறளும் சொல்லி அதற்கு உரையும் சொன்னால் கொஞ்சம் கூட்டலாம். எங்கள் தமிழ் அம்மாவுக்கு இதில் ஏகப்பட்ட மகிழ்ச்சி.

பையன்களுக்கு மெதுவாக ஓடுவது அவமானம். எட்டாம் வகுப்புப் பெண் முந்திவிட்டாள் என்றால் தாங்காது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டைப் பற்றி அவர்களுக்குச் சொல்வேன். அவரிடம் பயிற்சி எடுத்த பீட்டர் ஸ்நெல் 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார். இரண்டு நிமிடம்கூட ஓடாத அந்தப் போட்டிக்காக மலைப்பாதையில் மணிக்கணக்காக நிதானமாக ஓடியவர். கதையை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். லிடியார்டின் ஆட்கள் வாரத்துக்கு 100 மைல் ஓடியதைச் சொன்னால், மறுவாரமே எவனாவது ஒருவன் கோடநாடு வரை ஓடிவிட்டு வந்து நிற்பான்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் 1,900 மீட்டரில் காற்றழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவு குறைகிறது. இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு இது பழகியிருக்கும், என்றாலும் இங்கே ஓடும் 1500 மீட்டர் நேரம் கோயம்புத்தூரில் ஓடுவதைவிட மந்தமாகத்தான் வரும். சமவெளிப் பயிற்சியாளர்கள் எழுதிய அட்டவணையில் உள்ள நேரங்களை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையைத் திட்டாதீர்கள்.

இறக்கம்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற ஊர் வழிகாட்டிகளில் இது இருக்காது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக் போட்டபடியே பர்லியாறு வரை இறங்கும் பஸ்ஸைப் போல. மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இறக்கத்தில்தான். வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும்.

ஆகவே முதல் மூன்று வாரம் இறக்கம் முழுவதும் நடைதான். ஓடிப்போன பாதையில் இறக்கம் வந்தால் எல்லோரும் நடக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. நான்காம் வாரத்திலிருந்து சின்னச் சரிவில் பழக்குகிறேன். பள்ளி கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரு 60 மீட்டர் சரிவு உண்டு, அது போதும். புதுப் பிள்ளை இறங்கும்போது பயந்து உடம்பைப் பின்னால் சாய்க்கும், குதிகாலை முன்னால் நீட்டிக் குத்தும். ஒவ்வோர் அடியும் முழங்காலில் போய் இடிக்கும். சொல்லித்தர வேண்டியது இரண்டே விஷயம். அடி சின்னதாக, வேகமாக இருக்க வேண்டும், பாதம் இடுப்புக்குக் கீழேயே விழ வேண்டும். சத்தத்தை வைத்துச் சோதிக்கலாம். நான் கீழே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஓடி வருகிறவர் யார் என்று காலடிச் சத்தத்தில் கண்டுபிடிப்பேன். நான் கண்டுபிடிக்க முடியாதபடி இறங்குகிறவருக்கு ஒரு கடலை மிட்டாய். இரண்டே வாரத்தில் தடதடப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

ஏற்றத்துக்கு இவ்வளவு தேவையில்லை. அடியைச் சுருக்கு, கையை ஆட்டு, உச்சியைப் பார்க்காமல் பத்தடி தூரத்தைப் பார். செங்குத்தாக இருந்தால் நட. நடந்ததற்காக யாரும் கிண்டல் செய்யக் கூடாது.

நான்காம் வாரத்திலிருந்து

நான்காம் வாரத்தைக் கொஞ்சம் இலகுவாக வைத்துவிட்டு, பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் என்ற கணக்கில் கூட்டுங்கள். ஏழாம் வாரத்தில் சாதாரண நாள் 35 நிமிடம், சனிக்கிழமை நீண்ட ஓட்டம் 50 நிமிடம் என்று நிற்கலாம். 3000 மீட்டர் ஓடப்போகிற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் காய்ச்சலில் போனால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் ஓட்டம் முடிந்ததும் 80 மீட்டர் தூரத்தை நான்கைந்து தடவை, மெல்லத் தொடங்கி வேகமெடுத்து, தளர்ந்து நிற்க வேண்டும். ஸ்ட்ரைட்ஸ் என்பார்கள். இது முழு வேகப் பந்தயம் அல்ல, பத்தில் எட்டுப் பங்கு வேகம். நடுவில் நடந்து திரும்பி வரலாம். மெதுவாகவே ஓடி மந்தமாகிவிடுவோமோ என்ற பயமும் இதில் போய்விடும்.

ஆறாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் ஏற்ற ஓட்டம். மிதமான சரிவில் 30 விநாடி ஏறி ஓடி, நடந்து இறங்கி, மறுபடியும். நான்கில் தொடங்கி எட்டு வரை போகலாம். முதலாவதும் கடைசியும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். முடிகிற இடத்தில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள், கல் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் முதலில் வீம்பு பிடித்திருக்கிறான் என்று அர்த்தம்.

எட்டாம் வாரத்தில் வேகம் பழக்கலாம். 1500 மீட்டரை 6 நிமிடத்தில் முடிக்கக்கூடிய பெண் என்றால் 200 மீட்டருக்கு 48 விநாடி. 5 நிமிடம் 15 விநாடியில் முடிக்கக்கூடிய பையனுக்கு 42 விநாடி. ஜோனலில் பார்த்திருப்பீர்கள், விசில் ஊதியதும் எல்லாப் பிள்ளைகளும் 100 மீட்டர் ஓட்டம் போலப் பாய்வார்கள், இரண்டாவது ரவுண்டில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். இதைச் சரிசெய்ய ஒரு விளையாட்டு. 48 விநாடிக்கு ஒரு தடவை விசில் ஊதுவேன். விசில் ஊதும்போது குறியில் இருக்க வேண்டும். பின்தங்கினால் பரவாயில்லை, முந்தி வந்தவர் அவுட். கெட்டிக்காரப் பையன்கள்தான் முதலில் அவுட்டாவார்கள், பார்க்கவே நன்றாக இருக்கும். அப்புறம் இரண்டு ரவுண்டு அந்த வேகம், இரண்டு நிமிட ஓய்வு, ஐந்து தடவை. வாரத்தில் ஒரு நாள்தான் இது.

வாரத்தில் இரண்டு நாள் பத்து நிமிடம் வலுப்பயிற்சி. பள்ளிப் படியின் விளிம்பில் முன்பாதம் வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது, ஒரு காலுக்குப் பதினைந்து தடவை. உட்கார்ந்து எழுவது, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க், ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். சொன்னால் செய்வார்களா என்று கேட்காதீர்கள், பாதிப் பேர் செய்வார்கள்.

டீயும் இரும்பும்

எங்கள் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு ஒரு டம்ளர் டீயும் இரண்டு வர்க்கியும். அதோடு ஓட வந்தால் இருபதாவது நிமிடம் கண் இருட்டும். ஓடுவதற்கு முன் இரண்டு வாழைப்பழமோ ஒரு டம்ளர் ராகிக் கஞ்சியோ போதும். முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு: களி, அவரைக் குழம்பு, முட்டை என்று வீட்டில் இருப்பதுதான். புரோட்டீன் பவுடர் வாங்கட்டுமா என்று கேட்கிற அப்பாக்களிடம், அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள் என்பேன்.

தேயிலை ஊரில் இதைச் சொல்வது எளிதல்ல, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. நெடுந்தூரம் ஓட ரத்தத்தில் இரும்பு வேண்டும், மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கு அது இரட்டிப்பாக வேண்டும். டீயை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் வாரம் ஒரு தடவை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறியும் கூட்டம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஓட்டக்காரர்கள் அதை என் கண் முன்னால்தான் விழுங்க வேண்டும்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொன்றும் வெளிப்படையாகப் பேசுங்கள். மாதவிடாய் நாளில் முடிந்தால் ஓடலாம், முடியாவிட்டால் உட்காரலாம், காரணம் கேட்க மாட்டேன். வழக்கமாக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றுவிட்டால் ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்று பொருளாக இருக்கலாம். டாக்டரைப் பார்க்க வேண்டும். உடம்பு மெலிந்தால் வேகம் வரும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

குளிரில் தாகம் தெரியாது, ஆகவே பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்வெட்டரோடு வார்ம்-அப், பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டு ஓட்டம், முடிந்ததும் ஈர பனியனை மாற்றி மறுபடி ஸ்வெட்டர். சளி பிடிப்பதற்கு ஓட்டத்தைக் குறை சொல்லும் அம்மாக்களை இதனால் பாதியாவது சமாளிக்கலாம்.

வலி

பழைய நோட்டில் மீந்த தாள்களைத் தைத்து ஆளுக்கொன்று கொடுக்கிறேன். எத்தனை நிமிடம், எங்கே வலி, எத்தனை மணி நேரத் தூக்கம், மூன்றே வரி. வாயால் கேட்டால் எல்லோரும் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்பார்கள், எழுதச் சொன்னால் உண்மை வரும்.

தொடையிலும் கெண்டைக்காலிலும் இரு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் பயமில்லை. முன்னங்கால் எலும்பின் உட்புறம் ஒரு சாண் நீளத்துக்கு வலித்து, ஓடத் தொடங்கியதும் குறைந்தால் ஒரு வாரம் பாதியாக ஓடவிடுங்கள், ஷூவைப் பாருங்கள், படிப் பயிற்சியைக் கூட்டுங்கள். ஒரே ஒரு விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் வலி, ராத்திரியில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் வலி என்றால் அது எலும்பு முறிவின் தொடக்கமாக இருக்கலாம். அன்றோடு ஓட்டம் நிறுத்தம், டாக்டரிடம் போக வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதெல்லாம் அங்கே கூடாது. வளருகிற வயதில் முழங்காலுக்குக் கீழே உள்ள மேட்டிலும் குதிகாலின் பின்புறத்திலும் வரும் வலி சிலருக்கு மாதக்கணக்கில் வந்து போகும். குதிப்பதையும் இறக்கத்தையும் குறைத்தால் அடங்கும்.

நல்ல ஷூ என்பது விலையில் இல்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடைவெளி, முன்பாதத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. அண்ணனுடைய பழைய ஷூவில் பேப்பர் திணித்து ஓடுவதைவிட, புல்தரையில் வெறுங்காலோடு ஓடுவது மேல். முதல் வருடத்தில் ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஷூ வேண்டவே வேண்டாம்.

கடைசி இரண்டு வாரம்

ஒன்பதாம் வாரத் தொடக்கத்தில் ஒரு டிரையல், 1000 மீட்டர் மட்டும். அதை வைத்து யாருக்கு 800, யாருக்கு 3000 என்று முடிவு செய்கிறேன். முதல் 200ஐயும் கடைசி 200ஐயும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், மொத்த நேரத்தைவிட அது நிறையச் சொல்லும். கடைசி 200 வேகமாக ஓடியவளை 3000க்கு எழுதுங்கள்.

பத்தாம் வாரம் நிமிடங்களைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஸ்ட்ரைட்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் துள்ளுவார்கள், இன்னும் ஓடலாமே என்பார்கள். கொடுக்காதீர்கள். ஜோனல் தாண்டி மாவட்டப் போட்டிக்குப் போகிறவர்களை, ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு முன்கூட்டியே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய் 400 மீட்டர் டிராக்கில் நடக்கவாவது விடுங்கள். 200 மீட்டர் மண் தரையிலேயே சுற்றிய பிள்ளைக்கு அந்த நேர்கோடு முடிவே இல்லாதது போல இருக்கும். மாநிலப் போட்டி சமவெளியில் வந்தால் எதிரி வெயில். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து நாளாவது வேண்டும், அத்தனை நாள் யாரும் அனுப்ப மாட்டார்கள். குறைந்தது கீழே உறவினர் வீடு உள்ள பிள்ளையை மூன்று நான்கு நாள் முன்னால் அனுப்புங்கள், மற்றவர்களுக்குத் தண்ணீரும் உப்பு போட்ட மோரும் தாராளமாகக் கொடுங்கள்.

போட்டியன்று சாப்பாடு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் முடிய வேண்டும். நம்பர் குத்த நான்கு ஊக்கு, கூடவே நான்கு உபரி ஊக்கு. 3000 மீட்டரை எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்து மணி என்று சொல்லி இரண்டு மணிக்கு நடத்துவார்கள். அதற்குள் பிள்ளைகள் மூன்று தடவை வார்ம்-அப் செய்து களைத்துப்போவார்கள். நிழலில் உட்கார வையுங்கள், வாழைப்பழத்தைக் கையில் வைத்திருங்கள், அழைப்பு வந்த பிறகு பத்து நிமிடம் போதும். ஓடி முடித்ததும் உட்கார விடாமல் ஒரு ரவுண்டு நடக்க வையுங்கள். நோட்டை அன்றைக்கே வாங்கி நேரத்தை எழுதிவிடுங்கள், திங்கட்கிழமை வரை விட்டால் ஆளாளுக்கு ஐந்து விநாடி குறைத்துச் சொல்வார்கள்.